குடுவைச் செடிக்குச் சோறு போட்டவர்கள்

சேலத்துப் பட்டுக்கடைகளில் கூட வந்த ஆண்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு குளிர்பானமும் தருகிறார்கள். குளிர்பானம் தீர்ந்தபின் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. மைத்துனி மகளின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மலேசியாவின் ஈப்போவிலிருந்து கிளம்பிவந்த எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஆண். முதல் நாள் சாயங்காலத்துக்குள் மயில்கழுத்துப் பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு மறந்துவிட்டது. கொட்டாவி விட்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

“மூணு நாளைக்கு எங்கயாவது போய்ட்டு வாங்க. நீங்க இப்படி உக்காந்திருந்தா எங்களுக்கு ஒரு கலரும் பிடிக்க மாட்டேங்குது” என்றாள்.

சேலை விரித்துக்கொண்டிருந்தவர் சன்னலைக் காட்டினார். கடைத்தெருவுக்கு மேலே, மின்கம்பிகளுக்கும் மேலே, யாரோ மடித்து வைத்து மறந்துபோன துணிபோல நீலமாக ஒரு மலை. ஏற்காடு என்றார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். எங்கள் கேமரன் மலைப் பாதையில் எத்தனை முறை வளைந்தோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இங்கே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். பதினொன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு லாரி வந்தது. எங்கள் ஓட்டுநர் பின்னால் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். பத்து என்ற எண்ணை மறுபடி பார்த்தேன். கீழே போகிறோமா மேலே போகிறோமா என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூங்கிக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மேலே குளிரும் வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வந்தன. பசாரில் இறங்கி இரண்டு இட்லியும் ஒரு கோப்பியும். எங்கள் ஊர்க் கோப்பி மார்ஜரீனும் சர்க்கரையும் சேர்ந்து வறுபட்டுக் கறுத்தது. இது வேறு மாதிரி. முதலில் புளிக்கிறதா கசக்கிறதா என்று நாக்கு குழம்பி, பிறகு இரண்டும் இல்லை என்று முடிவுசெய்கிறது. “பசியாறியாச்சு” என்று கடைக்காரரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். அவர் என்னை ஒரு சாமியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

காட்சிமுனைக்குப் போகும் பஸ் எது என்று கேட்டேன். ஒரு கண்டக்டர் “ஏறுங்க, ஏறுங்க” என்றார். ஏறினேன். அது கொட்டச்சேடு போகும் பஸ். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அரைமணி நேரம் போனபிறகுதான் எனக்கு அது தெரியவந்தது. அப்போது இன்னொன்றும் தெரிந்தது. சாலையின் இருபுறமும் செடிகள்மேல் வெள்ளையாக ஏதோ கொட்டிக்கிடந்தது. சுண்ணாம்போ பஞ்சோ என்று நினைத்தேன். வாசனை பஸ்ஸுக்குள் நுழைந்து முன் சீட்டில் ஏறிப் பின் சீட்டில் இறங்கியபோதுதான் பூ என்று விளங்கியது. போன வாரம் ஒரு மழை பெய்ததாம். ஒரே ஒரு மழைக்கு மலை முழுவதும் ஒரே நாளில் பூத்துவிட்டது. எங்கள் ஊரில் தினமும் மழை. இப்படி எதுவும் அதைக் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

தலைச்சோலைப் பக்கம் பிரியும் பாதை தாண்டியதும் பஸ் இரண்டு முறை இருமி நின்றது.

“ஒரு மணி நேரம் ஆகுமுங்க” என்றார் கண்டக்டர். “அங்கன ஒரு செடிக்கடை இருக்குது. போய்ப் பாருங்க. பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க.”

பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் தொட்டிகள். உள்ளே போனதும் எனக்குத் திசை தப்பிவிட்டது. கறுப்பாக, இரண்டு சிறகு விரித்து, மீசை மீசையாக முழ நீளத்துக்கு நார் தொங்க ஒன்று என்னைப் பார்த்தது. பின்வாங்கினேன். “வவ்வாலுங்க அது. பகல்ல பூக்குற வவ்வாலு” என்று செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. இலையே நத்தை ஓடுபோலச் சுருண்ட ஒரு பெகோனியா. பச்சைப் பட்டாணியைக் கோத்த மாலைபோல விளிம்பிலிருந்து வழியும் ஒரு கொடி. மண்ணே இல்லாமல் கம்பியில் தொங்கிக்கொண்டு, அது தன் விருப்பம் என்பதுபோலப் பூத்திருந்த நரைத்த குச்சம். பந்தலின் ஓரத்தில் ஒரு பெரிய கொடியிலிருந்து சரம் சரமாகப் பூக்கள் இறங்கியிருந்தன. பச்சையா, நீலமா? பட்டுக்கடைக்காரருக்கே பெயர் தெரியாத நிறம். எங்கள் ஊரில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களில் யாரும் கேட்காமலே முளைத்து நாங்கள் பிடுங்கி எறியும் பறவைக்கூட்டுப் பெரணி, இங்கே பளிங்குத் தொட்டியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தது. வெளியூர் வந்தபிறகு வசதியான சொந்தக்காரனை எதிரே பார்த்தால் வரும் கூச்சம் எனக்கு.

வவ்வால் என்று சொன்னவர் வெள்ளையம்மா. தலைச்சோலைக்காரர். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்து, பிறகு இங்கே வேலைக்கு வந்தவர். நர்சரியின் சொந்தக்காரர் ஷெரிபா. என் வயதுதான் இருக்கும். முக்காட்டுக்கு மேல் ஓலைத் தொப்பி வைத்திருந்தார். எந்த ஊரென்று கேட்டார். மலேசியா என்றேன்.

அவர் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார்.

“வெள்ளையம்மா, இங்க வா. நம்ம தாய்ச்செடியோட ஊர்க்காரரு வந்திருக்காரு.”

முக்காலி வந்தது. பிஸ்கோத்து வந்தது. ஒரு நோயாளியைப் பார்க்க வந்த உறவினனைப்போல என்னைப் பந்தலின் கோடிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே, கண்ணாடிக் கூண்டுக்குள், என் உயரத்துக்கு ஏறிய குடுவைச் செடி. இலையின் நுனி நீண்டு, நூலாகி, நூலின் முனையில் மூடியோடு ஒரு செம்பு தொங்கவேண்டும். ஈயும் எறும்பும் வழுக்கி விழுந்து அதற்குள் கரைய வேண்டும். இதிலோ மார்கழிக்குப் பிறகு ஒரு குடுவைகூட வரவில்லை. பழையவை ஐந்தாறு சருகாகத் தொங்கின. இலைகளின் ஓரம் தீய்ந்திருந்தது.

ஷெரிபா சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் இந்த மேடு ஏறி வருவதே இந்தச் செடியின் கன்றுகளுக்காக. போன வருடக் கன்றுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. மே மாதம் மலர்க் கண்காட்சி. பசாரில் மிளகும் தைலமும் விற்கும் அவருடைய அண்ணனுக்கு இந்த இடத்தில் தங்கும் அறைகள் கட்ட ஆசை. நிலம் இருவருக்கும் பொது. மே மாதம் வரை பொறுக்கிறேன், அதற்குள் கன்றும் வியாபாரமும் வரவில்லையென்றால் பந்தலைப் பிரிப்போம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். தாய்ச்செடி போனால் எல்லாம் போச்சு.

“உங்க ஊர்ல இதுக்கு என்ன கொடுப்பாங்க?” என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் எழுதுகிறவன். உரைநடை மாதிரிக் கவிதையும் கவிதை மாதிரி உரைநடையும் எழுதுவேன். இந்தச் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் நாட்டின் கிழக்குக் கரைப் பக்கம் ஒரு சந்தையில், இதன் குடுவைக்குள் அரிசியும் தேங்காய்ப் பாலும் விட்டு அவித்து விற்பார்கள். ஒருமுறை நான்கு தின்றிருக்கிறேன். அதை இந்த இடத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

“எங்க காட்டுல எல்லாமே அழுகும். அழுகினதுலதான் எல்லாம் பூக்கும்” என்றேன்.

பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய வரி அது. எதைப் பற்றி என்று இப்போது எனக்கே நினைவில்லை. சொன்னதும் ஒரு சுகம் இருந்தது. ஷெரிபா மெதுவாகத் தலையாட்டினார். பஸ் ஹாரன் அடித்தது. ஓடினேன்.

இரண்டாம் நாள் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றேன். மிதிபடகில் ஒரு குடும்பம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா வலப்பக்கம் மிதிக்க, பிள்ளைகள் இடப்பக்கம் வழி சொன்னார்கள். அரைமணி நேரம் பார்த்தேன். காரணம் தெரியாமல் எழுந்து கொட்டச்சேடு பஸ்ஸைத் தேடிப் போனேன். இந்த முறை வேண்டுமென்றே ஏற நினைத்த பஸ். ஆனால் நான் ஏறியது ஜீப். பஸ் வராதாம். ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும். யாருடைய கால் யாருடையது என்பதில் எனக்குக் கடைசிவரை தெளிவில்லை.

நர்சரியின் வேலியோரம் ஒருவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். அண்ணன் அனுப்பிய மேஸ்திரி. ஷெரிபா அவரைப் பார்க்காதவர்போல வவ்வால் பூவுக்குத் தண்ணீர் தெளித்தார். என்னைக் கண்டதும் முகம் விரிந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டோமுங்க.”

போய்ப் பார்த்தேன். தாய்ச்செடியின் தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு மட்கிய சாணம், அழுகிய பலாச்சுளை, ஊறிப்போன வெள்ளைக் காப்பிப் பூ, இன்னும் எனக்கு அடையாளம் தெரியாத ஏதேதோ. கொசு மொய்த்தது. என் வரியை அவர்கள் உரமாக்கிக் கொட்டியிருந்தார்கள். இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன். நான் சொன்னதை யாரும் செய்ததில்லை. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், அதோடு சரி. இங்கே ஒரு வாக்கியத்தைக் கேட்டு இரண்டு பெண்கள் கூடை தூக்கியிருக்கிறார்கள். மகிழ்வதா பயப்படுவதா என்று புரியவில்லை. பயம்தான் முதலில் வந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளையம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். சாமைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊர் நெத்திலிச் சம்பலைவிடக் காரம், ஆனால் அதன் சிற்றப்பா பிள்ளை என்று சொல்லலாம். சாப்பிட்டு முடித்ததும் வெள்ளையம்மா ஒரு துண்டுக் கருவாட்டை இலையில் மடித்து மடியில் செருகிக்கொண்டார். பூனைக்கு என்று நினைத்தேன். பூனை எதையும் நான் அங்கே பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் தோன்றியது.

பொழுது சாய விடுதிக்குத் திரும்பி, ஈப்போவில் புல்வெட்டும் குத்தகை எடுக்கும் என் மச்சான் சேகருக்குப் போன் போட்டேன். பட்டுச் சேலை எவ்வளவு ஆச்சு என்று கேட்டான். குடுவைச் செடி எங்கே வளரும் என்று கேட்டேன்.

“அதுவா? பழைய ஈயம் தோண்டுன லம்பத்துல கிடக்கும் லா. ஈயம் எடுத்துட்டு வெறும் மணலைக் கொட்டி வெச்சிருப்பான் பாரு, புல்லு கூட வராது, அங்க. ஏன், உனக்கு என்ன ஆச்சு?”

வெறும் மணல். உரம்?

“உரம் போட்டா செத்துரும். அதுக்கு மண்ணுல ஒண்ணும் கிடைக்காம இருந்தாதான் அது ஈ பிடிக்கும். வேர் அவிஞ்சிரும் லா.”

மூன்றாம் நாள் நான் சேலத்துக்கு இறங்க வேண்டிய நாள். பெட்டியோடு கொட்டச்சேடு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, “இன்னைக்கும் தப்பா ஏறிட்டீங்களா?” என்று கேட்டார். சரியாகத்தான் ஏறினேன் என்று சொல்ல எனக்கே உறுதி இல்லை. வழியெல்லாம் காப்பிப் பூ பழுப்பாகிவிட்டிருந்தது. மூன்று நாள்தான் அதன் ஆயுசு போல.

ஷெரிபாவிடம் நின்றபடியே சொன்னேன்.

“அக்கா, எனக்குச் செடியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அன்னைக்குச் சொன்னது நான் எப்பவோ எழுதின ஒரு வரி. செடிக்காக எழுதினது இல்ல.”

“பின்ன எதுக்காக எழுதுனீங்க?”

சேகர் சொன்னதைச் சொன்னேன். வெறும் மணல், மழைத்தண்ணீர், யாரும் எதுவும் கொடுக்காத இடம். கொடுத்தால் சாகும். சொல்லி முடிப்பதற்குள் வெள்ளையம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தாங்க” என்றார். “தெனம் ஒரு துண்டு கருவாடு. ஞாயித்துக்கெழம ரெண்டு துண்டு கறி. குடுவைக்குள்ள போட்டேன். குடுவை காஞ்ச பொறவு வேருக்குப் பக்கத்துல புதைச்சேன். வெறும் ஈயத் தின்னு ஒரு உசுரு எப்படீங்க இருக்கும்?”

ஷெரிபா அவரைப் பார்த்த பார்வையில் கூண்டின் கண்ணாடி விரிசல் விட்டிருக்க வேண்டும். “தொடாதேன்னு எத்தன தடவ சொன்னேன் உன்கிட்ட?”

“நீங்க விடியால வந்து ஊத்துற மீன் தண்ணி?” என்றார் வெள்ளையம்மா, தலை நிமிராமலே. “எனக்கு மூக்கு இல்லீங்களா?”

ஷெரிபா முக்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்தான், எல்லாச் செடிக்கும் நல்லது, கொஞ்சமாகத்தான் ஊற்றினேன் என்று பொதுவாக யாரிடமோ சொன்னார். கொஞ்சம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. மார்கழியில் செடி சோர்ந்தது. சோர்ந்ததென்று ஒருவர் கருவாடு வைத்தார். இன்னும் சோர்ந்ததென்று இன்னொருவர் மீன்தண்ணீர் ஊற்றினார். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவரைவிட ஒருவர் அதிகமாக. கடைசியில் கடல்தாண்டி வந்து நான் ஒரு கூடை.

தொட்டியைக் கவிழ்த்தார்கள். வேர் கறுத்து, வெந்த சேமியாபோலக் குழைந்து கையோடு வந்தது. கருவாட்டு முட்கள் ஒரு பிடி தேறின. நாற்றத்துக்கு வெள்ளையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷெரிபா திருப்பவில்லை. தண்டை நகத்தால் கீழிருந்து சுரண்டிக்கொண்டே போனார். பழுப்பு, பழுப்பு, பழுப்பு. தோள் உயரத்துக்கு மேலேதான் பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சையை வெட்டி மணலில் ஊன்றினால் தாய்ச்செடி என்று ஒன்று இனி இருக்காது. வெட்டாமல் வேரைக் கழுவி வைத்தால் ஒருவேளை பிழைக்கும், அல்லது அழுகல் மேலே ஏறி மொத்தமும் போகும். ஷெரிபா கத்தியை எடுத்துவந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி அடித்துவிட்டுப்போன குச்சிகள் வரிசையாக நின்றன.

“வெட்டட்டுங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நாக்கு நுனியில் வரிகள் வந்து நின்றன. வெட்டுப்பட்ட இடத்தில்தான் துளிர் என்று ஒன்று. எல்லாப் பிரிவும் என்று தொடங்கும் இன்னொன்று. நல்ல வரிகள். விழுங்கினேன்.

“எனக்குத் தெரியாதுங்க அக்கா.”

“இத மொத நாளே சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெட்டினார்.

மூன்று துண்டுகள் கிடைத்தன. இலைகளைப் பாதியாக நறுக்கினார்கள். கீழே ஓடைவரை இறங்கி வெள்ளையம்மா மணல் அள்ளி வந்தார். அதை நான் ஏழு தண்ணீர் கழுவினேன். அந்த மலையில் நான் செய்த ஒரே உபயோகமான வேலை அதுதான். சின்னத் தொட்டிகளில் ஊன்றி ஓடைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்ததும் ஷெரிபா திரும்பி நின்றார்.

“கருவாடு?”

“இல்லீங்க” என்றார் வெள்ளையம்மா.

“கறி?”

“இல்லீங்க.”

“பாவம் பாத்து வேற எதாச்சும்?”

வெள்ளையம்மா ஒரு நொடி யோசித்தார். “அத நீங்க மொதல்ல சொல்லுங்க சாமி.”

ஷெரிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணும் கலங்கியது. எது முதலில் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் மணலில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்கள். இரண்டு வேறு கடவுள்களிடமாக இருக்கலாம். பஸ் வந்தது. வழியில் தட்டுவடை செட் வாங்கித் தின்று, உதட்டில் சட்னியோடு பட்டுக்கடைக்குள் நுழைந்தேன். பெண்கள் முதல் நாள் முதலில் பிரித்த சேலையையே எடுத்திருந்தார்கள்.

ஈப்போ திரும்பி மூன்று மாதம் கழித்து ஷெரிபாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. கண்காட்சிக்கு வவ்வால் பூவையும் அந்தப் பச்சையோ நீலமோ சரங்களையும் கொண்டுபோனாராம். கூட்டம் வந்ததாம். வியாபாரம் பரவாயில்லையாம். ரோட்டோரப் பாதி நிலத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு அறை கட்ட ஆரம்பித்துவிட்டார், பந்தல் இருக்கும் பாதி இவருக்கு. மூன்று துண்டுகளில் இரண்டு காய்ந்துவிட்டன. ஒன்றில் இலை வந்திருக்கிறது. ஒரே ஒரு இலை. வெள்ளையம்மா தினமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அதன் முன்னால் நிற்கிறாராம்.

“எதுவுமே கொடுக்கலீங்க” என்றது அந்தக் குரல். பின்னால் சிமெண்ட் கலக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம். “உங்க ஊர் மணல் மாதிரியே வெச்சிருக்கேன். ஆனா சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருக்குறதுதான் நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க.”

பதில் எழுத உட்கார்ந்தேன். மழை, காடு, காத்திருத்தல் என்று அது நீண்டுகொண்டே போனது. நன்றாகத்தான் வந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

“சரிங்க அக்கா” என்று அனுப்பினேன்.